எறிந்த பந்தும் எய்த எலக்ட்ரானும்

மின்னூட்டம் பெற்ற ஒரு பொருளைக் காந்தப்புலத்துக்குள் எறிந்தால் அதன் பாதை எப்படி இருக்கும்? நம் பேரவை நடத்தும் துணைப்பாட வகுப்புகளில் நான் இயற்பியல் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் வந்து நிற்கும் கேள்வி இது. எறிபொருள் இயக்கம் தனியாக வந்தால் மாணவர்கள் அஞ்சுவதில்லை. காந்தவிசை தனியாக வந்தாலும் அஞ்சுவதில்லை. இரண்டும் ஒரே கணக்கில் கைகோத்து வந்துவிட்டால் மட்டும் பேனா கீழே இறங்கிவிடுகிறது. "அண்ணா, இதற்கு எந்தச் சூத்திரம்?" என்று கேட்கிறார்கள்.

அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இங்கே எந்த விசை பெரியது? அதற்கு விடை தெரிந்தால் சூத்திரம் தானே வந்து நிற்கும். தெரியாவிட்டால், சூத்திரம் கையில் இருந்தும் பயனில்லை. பொறியியலோ மருத்துவமோ கணினியோ, எத்துறைக்குப் போனாலும் எதைக் கணக்கில் சேர்ப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் பழக்கம்தான் கடைசிவரை கைகொடுக்கும். அந்தப் பழக்கத்தை ஒரு பந்தையும் ஓர் எலக்ட்ரானையும் வைத்து இங்கே விளக்க முயல்கிறேன்.

காந்தவிசையின் மூன்று குணங்கள்

புவியீர்ப்பு விசை எளிமையானது. பொருள் நின்றாலும் ஓடினாலும், எத்திசையில் ஓடினாலும், அதே அளவில் கீழ்நோக்கி இழுக்கும். காந்தவிசை அப்படிப்பட்டதன்று. அதற்கு மூன்று குணங்கள் உண்டு.

முதலாவது, நிற்கும் மின்னூட்டத்தை அது தொடவே தொடாது. நகர்ந்தால்தான் விசை. இரண்டாவது, காந்தப்புலத்தின் திசையிலேயே நகர்ந்தாலும் விசை இல்லை. புலத்துக்குக் குறுக்கே செல்லும் வேகம் மட்டுமே கணக்கில் சேரும். குறுக்கே செல்லும்போது,

விசை = மின்னூட்டம் × வேகம் × காந்தப்புலம்

மூன்றாவது குணம்தான் மாணவர்களைக் குழப்புவது. இந்த விசை பொருள் செல்லும் திசையிலும் தள்ளாது, புலத்தின் திசையிலும் தள்ளாது. இரண்டுக்கும் செங்குத்தாக, பக்கவாட்டில் தள்ளும்.

எப்பக்கம் என்று அறிய, ஐந்தாம் படிவத்தில் படித்த பிளெமிங்கின் இடக்கை விதியே போதும். இதைப் படித்துக்கொண்டிருக்கும் இடத்திலேயே எழுந்து வடக்கு நோக்கி நில்லுங்கள். இடக்கையின் சுட்டுவிரலை நேரே வடக்கே நீட்டுங்கள். அது காந்தப்புலம். நடுவிரலை வலப்புறமாக, அதாவது கிழக்கே நீட்டுங்கள். அது நேர் மின்னூட்டம் செல்லும் திசை. பெருவிரல் எங்கே நிற்கிறது? வானத்தை நோக்கி. அதுதான் விசை. எதிர் மின்னூட்டமாக இருந்தால் விசையை அப்படியே தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள்.

வடக்கு நோக்கி நிற்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மலேசியாவும் சிங்கப்பூரும் பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கின்றன. ஐரோப்பாவில் பூமியின் காந்தப்புலம் தரைக்குள் செங்குத்தாகப் பாய்வதுபோல் சாய்ந்திருக்கும். நம்மிடத்தில் அது ஏறக்குறையக் கிடைமட்டமாக, வடக்கு நோக்கிச் செல்கிறது. அதன் வலிமை 40 மைக்ரோடெஸ்லாவுக்குச் சற்று மேல். 42 என்று வைத்துக்கொள்வோம். ஆகவே, வெளிநாட்டுப் பாடநூல்களில் கற்பனையாக வரும் "கிடைமட்டக் காந்தப்புலம்" நமக்குக் கற்பனையன்று. நம் வீட்டு முற்றத்திலேயே இருக்கிறது.

பந்தின் கணக்கு

மேசைப்பந்து ஒன்றை எடுத்துக்கொள்வோம். விட்டம் 40 மில்லிமீட்டர், நிறை 2.7 கிராம். அதில் எவ்வளவு மின்னூட்டம் ஏற்றலாம்? விரும்பிய அளவு ஏற்ற முடியாது. மீட்டருக்கு ஏறக்குறைய 30 இலட்சம் வோல்ட் என்ற அளவை மின்புலம் எட்டியதும் காற்றே மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கி, ஏற்றியதெல்லாம் பொறியாகப் போய்விடும். அந்த எல்லையை வைத்துக் கணக்கிட்டால் இந்தப் பந்து தாங்கக்கூடியது ஏறத்தாழ 0.13 மைக்ரோகூலும். கம்பளியில் தேய்த்தால் கிடைப்பது அதைவிடக் குறைவாகவே இருக்கும். என்றாலும் தாராளமாக உச்ச அளவையே கொடுத்துவிடுவோம்.

இனி வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் கிழக்கே எறியுங்கள். பெருவிரல் காட்டியபடி காந்தவிசை மேல்நோக்கி இருக்கும். அளவு? பெருக்கிப் பார்த்தால், ஒரு நியூட்டனின் ஆயிரம் கோடியில் ஒரு பங்குக்குச் சற்று மேல். பந்தின் எடையோ 0.026 நியூட்டன். எடை 24 கோடி மடங்கு பெரியது! இரண்டு வினாடி பறந்தாலும் காந்தவிசை அந்தப் பந்தை நகர்த்தும் தூரம், ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

சரி, பூமியின் காந்தம் மெலிந்தது. ஆய்வுக்கூடத்துக் காந்தத்தைக் கொண்டுவந்து 1 டெஸ்லா வலிமையுள்ள புலத்தில் எறிவோம். இப்போதும் எடைதான் 10,000 மடங்கு பெரியது.

வேறொரு விதமாகவும் இதைக் கேட்கலாம். பூமியின் காந்தவிசை பந்தின் எடையைச் சமன்செய்து, பந்து வளையாமல் நேர்க்கோட்டில் கிழக்கே செல்லவேண்டுமானால் எவ்வளவு வேகம் வேண்டும்? எடையை மின்னூட்டத்தாலும் புலத்தாலும் வகுத்தால் வினாடிக்கு 480 கோடி மீட்டர் என்று விடை வருகிறது. ஒளியின் வேகமே வினாடிக்கு 30 கோடி மீட்டர்தான். கணக்கு பதினாறு மடங்கு கேட்கிறது. கணிப்பொறியில் விடை வந்துவிட்டதே என்று எழுதிவிட்டுப் போகாமல், அந்த எண்ணை ஒரு கணம் நிமிர்ந்து பார்க்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

மறைந்திருக்கும் போட்டியாளர்

இதில் மேலும் ஒரு வேடிக்கை உண்டு. பூமி தன்னைத்தானே சுற்றுவதால், அதன்மேல் நகரும் எந்தப் பொருளும் பக்கவாட்டில் விலகுவதுபோல் நமக்குத் தோன்றும். இதைக் கொரியோலிஸ் விளைவு என்பர். இதன் சூத்திரத்தைக் காந்தவிசையின் சூத்திரத்துக்கு அருகில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருக்கும். இங்கும் நிற்கும் பொருளுக்கு விலகல் இல்லை. இங்கும் தள்ளல் செல்லும் திசைக்குச் செங்குத்துதான். காந்தப்புலம் இருந்த இடத்தில் பூமியின் சுழலச்சு இருக்கிறது. மின்னூட்டம் இருந்த இடத்தில் நிறை இருக்கிறது.

நடுக்கோட்டுக்கு அருகே சுழலச்சும் கிடைமட்டமாக வடக்கு நோக்கியே இருக்கிறது. ஆகவே திசைகளும் பொருந்திவிடுகின்றன. கிழக்கே எறிந்த பந்தைச் சுழற்சியும் சற்று மேலே தூக்குகிறது. நேர் மின்னூட்டம் இருந்தால் காந்தமும் மேலே தூக்குகிறது. செங்குத்தாக மேலே எறிந்தால் இரண்டுமே அதை மேற்கே ஒதுக்குகின்றன.

ஆனால் அளவில் இரண்டும் சமமல்ல. நம் பந்தின்மேல் பூமியின் சுழற்சி செய்யும் வேலை, பூமியின் காந்தம் செய்யும் வேலையைவிட ஏறத்தாழ 70,000 மடங்கு பெரியது. இரண்டு வினாடிப் பறத்தலில் சுழற்சியால் வரும் விலகல் சுமார் 6 மில்லிமீட்டர். அதையே எறிபொருள் கணக்கில் நாம் சேர்ப்பதில்லை. அப்படியிருக்க, அதை விட்டுவிட்டுக் காந்தவிசையை மட்டும் சேர்ப்பது, ஆயிரம் வெள்ளிக் கடனை மறந்துவிட்டு ஒரு காசைத் தேடுவது போன்றது.

எலக்ட்ரானின் கணக்கு

இப்போது அதே சூத்திரத்தை எலக்ட்ரானுக்குக் கொண்டுபோவோம். தட்டைத் திரைகள் வருவதற்கு முன் நம் வீட்டுக் கூடங்களில் இருந்த பெரிய தொலைக்காட்சிப் பெட்டிகளை நினைத்துப் பாருங்கள். அவற்றின் குழாய்க்குள் எலக்ட்ரான்கள் பின்னாலிருந்து திரையை நோக்கி எய்யப்பட்டன. 20,000 வோல்ட் அழுத்தம் கொடுத்தால் எலக்ட்ரானின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 8 கோடி மீட்டர். அதுவும் ஓர் எறிபொருள்தான். அதையும் பூமி கீழே இழுக்கத்தான் செய்கிறது.

எவ்வளவு இழுக்கிறது? குழாயின் நீளம் 30 சென்டிமீட்டர் என்று கொண்டால், அந்தத் தூரத்தைக் கடப்பதற்குள் எலக்ட்ரான் புவியீர்ப்பால் கீழே விழும் தூரம், ஒரு புரோட்டானின் அகலத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அதே பயணத்தில், பாதை புலத்துக்குக் குறுக்கே இருக்குமானால், பூமியின் காந்தப்புலம் அதை ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் ஒதுக்கிவிடும். கண்ணாலேயே காணக்கூடிய அளவு! இங்கே காந்தவிசை எடையைப்போல் 60 இலட்சம் கோடி மடங்கு பெரியது.

பந்தில் கண்டதற்கு நேர்மாறு. பந்துக்குக் காந்தத்தை விட்டுவிடலாம். எலக்ட்ரானுக்குப் புவியீர்ப்பை விட்டுவிடலாம். விதி ஒன்றுதான், தீர்ப்பு வேறு.

தீர்ப்பு சொல்வது யார்?

தீர்ப்பைச் சொல்வது மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதம். 1897-இல் ஜே. ஜே. தாம்சன் காந்தத்தாலும் மின்புலத்தாலும் எதிர்முனைக் கதிர்களை வளைத்து முதலில் கண்டறிந்ததும் இந்த விகிதத்தைத்தான். எலக்ட்ரான் என்றொரு துகள் இருக்கிறது என்பதற்கு அதுவே வழிகாட்டியது.

இந்த விகிதத்தை உணர ஒரு நல்ல வழி உண்டு. சீரான காந்தப்புலத்தில் வேறெந்த விசையும் இல்லாவிட்டால், புலத்துக்குக் குறுக்கே செல்லும் மின்னூட்டம் வட்டமாகச் சுற்றும். ஒளியின் வேகத்தை நெருங்காத வரையில், ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் வேகத்தைப் பொறுத்ததன்று. விகிதத்தையும் புலத்தையும் மட்டுமே பொறுத்தது. நம் நாட்டுக் காந்தப்புலத்தில் எலக்ட்ரான் ஒரு வினாடிக்குள் 11 இலட்சம் முறைக்கு மேல் சுற்றிவிடும். புரோட்டான் ஒரு வினாடியில் ஏறத்தாழ 640 முறை சுற்றும். நம் மேசைப்பந்து ஒரே ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 100 ஆண்டுகள் வேண்டும். இரண்டு வினாடியில் தரையைத் தொட்டுவிடும் பந்துக்கு அந்த வட்டத்தால் என்ன ஆகப்போகிறது?

விழாத புரோட்டான்

இரண்டு விசைகளும் சேர்ந்து செய்யும் விந்தை ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. காற்றே இல்லாத இடத்தில், மின்புலமும் இல்லாமல், பூமியின் காந்தப்புலத்தில் ஒரு புரோட்டானைக் கையிலிருந்து நழுவவிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். என்ன ஆகும்?

முதலில் கீழே விழத் தொடங்கும். விழத் தொடங்கியதும் வேகம் வருகிறது. வேகம் வந்ததும் காந்தவிசை விழித்துக்கொள்கிறது. கீழே செல்லும் புரோட்டானை அது கிழக்கே ஒதுக்கும். கிழக்கே திரும்பியதும் விசை மேல்நோக்கித் திரும்பும். புரோட்டான் மேலே ஏறும். விட்ட உயரத்துக்கே வந்து ஒரு கணம் நிற்கும். மறுபடியும் விழும், மறுபடியும் ஏறும். சைக்கிள் சக்கரத்தின் விளிம்பில் ஒட்டிய ஒரு புள்ளி, சக்கரம் உருளும்போது வரையும் வளைவுகளைப் போன்றது இந்தப் பாதை.

அந்த வளைவின் ஆழம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். சராசரியாகப் பார்த்தால் புரோட்டான் விழுவதே இல்லை, வினாடிக்கு 2.4 மில்லிமீட்டர் வீதம் கிழக்கே ஊர்ந்துகொண்டே இருக்கும். எலக்ட்ரான் மேற்கே ஊரும். கீழே இழுக்கும் விசை பொருளைப் பக்கவாட்டில் செலுத்துகிறது!

ஏன் விட்ட உயரத்தைத் தாண்டிப் போவதில்லை? இங்கேதான் தமிழ்ச் சொல் நமக்கு உதவுகிறது. நாம் "திசைவேகம்" என்கிறோம். ஒரே சொல்லில் திசையும் இருக்கிறது, வேகமும் இருக்கிறது. செல்லும் திசைக்குச் செங்குத்தாகவே தள்ளுவதால், காந்தவிசை திசையை மட்டும் மாற்றும், வேகத்தைத் தொடாது. சொல்லின் முற்பாதி அதற்குச் சொந்தம், பிற்பாதி அதற்கு விலக்கு. ஆகவே அது ஆற்றலைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. புரோட்டானின் வேகத்தை மாற்றுவது புவியீர்ப்பு மட்டுமே. எந்த உயரத்தில் அது ஓய்விலிருந்து புறப்பட்டதோ, அதற்குமேல் ஏற அதனிடம் ஆற்றல் இல்லை.

தலைக்கு மேலே

இவையெல்லாம் தேர்வுத்தாளுக்கு மட்டும் உரியவை என்று எண்ணிவிடவேண்டாம். விண்வெளியிலிருந்து அண்டக் கதிர்கள் என்னும் மின்னூட்டத் துகள்கள் இரவும் பகலும் பூமியை நோக்கி வருகின்றன. அவையும் காந்தப்புலத்துக்குள் எறியப்பட்டவைதாம். 1927-இல் டச்சு இயற்பியலாளர் யாக்கோப் கிளே, சாவகத்திலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலில் சென்றபோது தம் கருவிகளால் இந்தக் கதிர்களை அளந்தார். நம் வட்டாரத்தில் கதிர்வீச்சு குறைவாகவும், நடுக்கோட்டை விட்டு விலக விலக அதிகமாகவும் இருந்தது. நடுக்கோட்டில் பூமியின் காந்தப்புலம், மேலிருந்து வரும் துகள்களுக்கு நேர் குறுக்கே நிற்கிறது. ஆற்றல் குறைந்தவற்றைத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

1933-இல் மெக்சிகோ நகரிலும், இத்தாலிய இயற்பியலாளர் புரூனோ ரொசியால் எரித்திரியாவிலும் நடந்த அளவீடுகள் மற்றொன்றைக் காட்டின. இக்கதிர்கள் கிழக்கிலிருந்து வருவதைவிட மேற்கிலிருந்து அதிகமாக வருகின்றன. ஏன்? மறுபடியும் இடக்கையை நீட்டுங்கள். நேர் மின்னூட்டத் துகள் கிழக்கிலிருந்து மேற்கே வந்தால் அதன் பாதை கீழ்நோக்கி வளையும். அந்தப் பாதையைப் பின்னோக்கி வரைந்தால் அது பூமியிலேயே முட்டும். அதாவது அந்த வழியை பூமியே மறைத்துவிடுகிறது. மேற்கிலிருந்து வரும் துகளின் பாதையைப் பின்னோக்கி வரைந்தால் அது திறந்த வானத்துக்குப் போகும். அண்டக் கதிர்களில் பெரும்பாலானவை நேர் மின்னூட்டம் உடையவை என்பது இப்படித்தான் உறுதியாயிற்று. மூன்று விரல்களில் அடங்கும் விதி, விண்ணிலிருந்து வருவது எது என்றே சொல்லிவிட்டது.

நாம் வாழும் தென்கிழக்காசிய வட்டாரத்தில்தான் இந்தக் காந்தக் கவசம் மிக வலுவாக இருக்கிறது. தாய்லாந்தின் டோய் இந்தனோன் மலையுச்சியில் 2007 முதல் இயங்கிவரும் அண்டக் கதிர் நிலையத்துக்கு நேர்மேலிருந்து ஒரு புரோட்டான் வந்துசேர வேண்டுமானால், அதற்கு ஏறத்தாழ 1,700 கோடி எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் தேவை. தமிழ்நாட்டின் உதகமண்டலத்திலும் இத்தகைய ஆய்வு நடக்கிறது. அங்குள்ள கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் 2015 ஜூன் 22-ஆம் நாள் இரண்டு மணி நேரம் வழக்கத்துக்கு மேற்பட்ட துகள்களைப் பதிவுசெய்தது. சூரியனிலிருந்து வீசிய காந்தப் புயலால் பூமியின் கவசம் சிறிது நேரம் தளர்ந்ததே காரணம் என ஆய்வாளர்கள் விளக்கினர். அந்த இரண்டு மணி நேரத்தில் நீங்களோ நானோ எதையும் உணரவில்லை. ஆனால் விண்கலங்களும் மின்தொடர்களும் இத்தகைய புயல்களால் பழுதாவதுண்டு. அதனால்தான் இவற்றை அளந்துகொண்டே இருக்கிறார்கள்.

தம்பி தங்கைகளுக்கு

நம்மில் பலர் அறிவியலைத் தமிழ்ப்பள்ளியில் தமிழில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் மலாயிலோ ஆங்கிலத்திலோ தொடர்ந்து, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் படிப்பவர்கள். மொழி மாறும் ஒவ்வொரு படியிலும் சொற்கள் கூடுகின்றன. சிலருக்குப் பொருள் மட்டும் பின்தங்கிவிடுகிறது. வகுப்பில் நான் கண்டவரை, சூத்திரத்தை ஆங்கிலத்தில் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவர், "பந்து எந்தப் பக்கம் போகும், ஏன்?" என்று தமிழில் கேட்டால் தயங்குகிறார். அந்தத் தயக்கம் நல்லது. எந்த இடத்தில் புரியவில்லை என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. தேர்வை எந்த மொழியிலும் எழுதுங்கள். எழுதுவதற்கு முன், பக்கத்திலிருப்பவருக்கு ஒருமுறை தமிழில் சொல்லிப் பாருங்கள்.

சொல்லிப் பார்ப்பதற்கு ஒரு கணக்கும் தருகிறேன். வானிலை தெளிவாக இருக்கும் நாளில் தரைக்கு அருகே மீட்டருக்கு ஏறத்தாழ 100 வோல்ட் அளவில், கீழ்நோக்கிய மின்புலம் ஒன்று எப்போதும் இருக்கிறது. நாம் மின்னூட்டம் ஏற்றி எறிந்த மேசைப்பந்தின்மேல் அது செலுத்தும் விசை எவ்வளவு? பூமியின் காந்தவிசையைவிட ஒரு இலட்சம் மடங்குக்கு மேல் என்று உங்களுக்கு விடை வரவேண்டும். அதைப் பந்தின் எடையோடும் ஒப்பிட்டுவிட்டு, எதைச் சேர்ப்பது எதை விடுவது என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.